ஏ.சி. எத்தனை வருஷம் உழைக்கும்? வில்லிஸ் கேரியரின் வாழ்க்கையில் இருக்கிறது பதில்

ஒரே கடையில், ஒரே மாடல் ஏ.சி.யை இரண்டு பேர் வாங்குகிறார்கள். ஒரு வீட்டில் அது 12 வருஷம் நன்றாக ஓடுகிறது. இன்னொரு வீட்டில் நாலாவது கோடையிலேயே கம்ப்ரசர் போச்சு என்று மெக்கானிக் கையை விரித்துவிடுகிறார். அப்புறம் என்ன, பாதி விலைக்கு ரிப்பேரா, முழு விலைக்குப் புதுசா என்று வீட்டில் ஒரு பஞ்சாயத்து.

வீட்டு ஏ.சி.யின் ஆயுள் 10 முதல் 15 வருடம் என்பது பொதுவான கணக்கு. கடலோரத்திலோ, நாள் முழுக்க ஓடும் இடத்திலோ அது இன்னும் குறையும். இந்த வித்தியாசத்துக்கு பிராண்டும் விலையும் மட்டும் காரணம் இல்லை. வெப்பம், ஈரம், காற்றோட்டம், தூசி ஆகிய நான்கையும் அந்த மெஷின் எப்படிச் சமாளிக்கிறது என்பதுதான் பெரும்பாலும் அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

இதே நான்கோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியவர் நவீன ஏ.சி.யின் தந்தை என்று அழைக்கப்படும் வில்லிஸ் கேரியர். அவர் கதையைப் பார்த்தால், உங்கள் வீட்டு ஏ.சி. ஏன் சீக்கிரம் சாகிறது என்பதும் கூடவே புரியும்.

ஆப்பிளில் கற்ற கணக்கு

வில்லிஸ் ஹேவிலண்ட் கேரியர் 1876 நவம்பர் 26 அன்று அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஈரி ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் அங்கோலா என்ற ஊரில் பிறந்தார். விவசாயக் குடும்பம். வீட்டுக்கு ஒரே பிள்ளை.

சின்ன வயதில் பின்னக் கணக்கு அவருக்கு ஏறவே இல்லை. அம்மா எலிசபெத் ஒரு கூடை ஆப்பிளை எடுத்துவரச் சொன்னார். அவற்றைப் பாதியாக, கால்வாசியாக, அரைக்கால்வாசியாக வெட்டி, கூட்டவும் கழிக்கவும் சொல்லிக்கொடுத்தார். கடிகாரம், தையல் மெஷின் எல்லாவற்றையும் தானே பிரித்துச் சரிசெய்யக்கூடியவர் அந்த அம்மா. கேரியருக்கு 11 வயது இருக்கும்போது அவர் இறந்துபோனார். ஆனால் பெரிய சிக்கலைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிப் பார்க்கும் பழக்கம் மகனோடு கடைசிவரை இருந்தது.

கல்லூரிக்கு அனுப்பும் அளவுக்கு வீட்டில் பணம் இல்லை. கொஞ்ச காலம் பள்ளியில் பாடம் நடத்தினார். பிறகு உதவித்தொகை கிடைத்து கார்னெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். புல் வெட்டினார், வீடுகளில் அடுப்பைக் கவனித்துக்கொண்டார், மாணவர்களுக்காக ஒரு சலவை நிலையமும் நடத்தினார். 1901இல் மெக்கானிக்கல் இன்ஜினீயராக வெளியே வந்தார். பஃபலோ ஃபோர்ஜ் நிறுவனத்தில் வாரம் 10 டாலர் சம்பளத்தில் வேலை கிடைத்தது. அவர்கள் செய்துகொண்டிருந்தது ஃபேன், ஹீட்டர், சூடான காற்றால் மரத்தையும் காப்பியையும் உலர்த்தும் சாதனங்கள். குளிர வைக்கும் வேலையே அங்கே இல்லை.

பிரச்சினை புழுக்கம் இல்லை, பேப்பர்

1902. நியூயார்க்கின் புரூக்ளினில் சாக்கெட் - வில்ஹெல்ம்ஸ் என்ற அச்சகம். கலர் படம் அச்சடிக்கும் வேலை. ஒவ்வொரு கலரையும் தனித்தனியாக, ஒன்றின் மேல் ஒன்றாக அடிக்க வேண்டும். கோடையில் காற்றில் ஈரம் ஏறினால் பேப்பர் விரியும். காய்ந்தால் சுருங்கும். முதல் கலர் ஒரு இடத்தில், அடுத்த கலர் இன்னொரு இடத்தில் விழுந்துவிடும். அடித்ததெல்லாம் வேஸ்ட்.

இந்தச் சிக்கல் 25 வயது கேரியரிடம் வந்தது. அதாவது, ஏ.சி. மனுஷனுக்காகப் பிறக்கவில்லை, பேப்பருக்காகப் பிறந்தது. கேட்டது குளிர்ச்சியும் இல்லை, ஈரக் கட்டுப்பாடு.

கேரியர் முதலில் ஒரு சோதனை செய்து பார்த்தார். சாக்குத்துணியைக் கால்சியம் குளோரைடு என்ற உப்புக் கரைசலில் நனைத்து, அதன் வழியாகக் காற்றை விட்டார். உப்பு, காற்றில் இருந்த ஈரத்தை உறிஞ்சியது. ஆனால் காற்றோடு உப்பும் சேர்ந்து வந்தது. அச்சு மெஷின்கள் இருக்கிற இடத்துக்கு உப்புக் காற்றை அனுப்பினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த வழியைக் கைவிட்டார்.

அவர் வேண்டாம் என்று ஒதுக்கிய அந்த உப்புக் காற்றைத்தான் கடலோர வீடுகளில் இருக்கும் அவுட்டோர் யூனிட் தினமும் சுவாசிக்கிறது. காயிலில் குழாய் செம்பு, அதைச் சுற்றியுள்ள மெல்லிய தகடுகள் அலுமினியம். இரண்டு வேறு உலோகம் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் படிந்தால், ஒரு குட்டி பேட்டரி போலாகி அலுமினியம் அரித்துக்கொண்டே போகும். பெசன்ட் நகரிலோ திருவான்மியூரிலோ இருக்கும் ஏ.சி., உள்நாட்டு ஊரில் இருக்கும் அதே ஏ.சி.யைவிடச் சீக்கிரம் நொந்துபோவதற்கு இது முக்கியக் காரணம். தகடுகளில் பூசப்படும் பாதுகாப்புப் பூச்சு இதைத் தள்ளிப்போடும், முழுசாகத் தடுக்காது. கடலோரத்தில் இருப்பவர்கள் அவுட்டோர் யூனிட்டை அவ்வப்போது நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவிவிடுவது நல்லது. வேகமாகப் பீய்ச்சினால் தகடு மடங்கிவிடும்.

சரி, புரூக்ளினுக்கு வருவோம். குளிர்ந்த குழாய் மீது காற்று பட்டால் அதன் ஈரம் வியர்த்துக் கீழே சொட்டிவிடும். கேரியர் இந்த வழிக்கு வந்தார். 1902 ஜூலை 17 தேதியிட்ட அவரது வரைபடம்தான் நவீன ஏ.சி.யின் பிறப்புச் சான்றிதழ் என்று சொல்வார்கள். ஒரு தொகுதி குழாயில் ஆழ்கிணற்றுத் தண்ணீர், இன்னொன்றில் அமோனியா மெஷினின் குளிர்ச்சி. இலக்கு, வருடம் முழுக்க 55 சதவீத ஈரப்பதம். அதன் திறன் ஒரு நாளில் 1,08,000 பவுண்டு ஐஸ் உருகுவதற்குச் சமம். இன்றைய கணக்கில் 54 டன். அதாவது, 36 ஒன்றரை டன் ஏ.சி.க்கள். ஏ.சி.யை டன் கணக்கில் சொல்வதே இந்த ஐஸ் கணக்கிலிருந்து வந்ததுதான்.

பிளாட்பாரத்தில் வந்த யோசனை

அதே 1902ஆம் ஆண்டின் கடைசியில் பிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் கேரியர் வண்டிக்காகக் காத்திருந்தார். சுற்றிலும் அடர்ந்த மூடுபனி. இந்தக் காற்று முழுக்க ஈரம்தான், ஆனால் குளிராக இருப்பதால் உண்மையில் இதிலிருக்கும் தண்ணீரின் அளவு குறைவு என்று யோசித்தார். அப்படியானால் செயற்கையாக ஒரு மூடுபனியை உண்டாக்கி, அதன் குளிர்ச்சியைக் கட்டுப்படுத்தினால், காற்றில் எவ்வளவு ஈரம் இருக்க வேண்டும் என்று நாமே முடிவு செய்யலாமே!

தண்ணீரைத் தெளித்துக் காற்றைக் காய வைப்பது. கேட்டால் வேடிக்கையாக இருக்கும். ஆனால் வேலை செய்தது. இந்தச் சாதனத்துக்கு 1906 ஜனவரி 2 அன்று காப்புரிமை கிடைத்தது. அதே ஆண்டு, நெசவாலைகளில் வேலை பார்த்த ஸ்டூவர்ட் கிராமர் என்ற இன்ஜினீயர் ஏர் கண்டிஷனிங் என்ற பெயரை வைத்தார். பெயர் கேரியர் வைத்ததில்லை.

1911இல் அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினீயர்கள் சங்கத்தில் கேரியர் ஒரு ஆய்வுக்கட்டுரை படித்தார். காற்றின் வெப்பம், அதிலிருக்கும் ஈரம், அந்த ஈரம் நீராகப் படியத் தொடங்கும் நிலை ஆகிய மூன்றுக்கும் உள்ள உறவைக் கணக்காக்கிக் கொடுத்தார். அந்த வழியில் வந்த சைக்ரோமெட்ரிக் வரைபடத்தை இன்றும் ஏ.சி. இன்ஜினீயர்கள் பயன்படுத்துகிறார்கள். அவருக்கு முன்பும் ஐஸ் வைத்தும் மெஷின் வைத்தும் கட்டடங்களைக் குளிர வைத்தவர்கள் உண்டு. ஆனால் எவ்வளவு தேவை என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் செய்யும் தொழிலாக அதை மாற்றியது கேரியர்தான்.

இந்தக் கணக்கை நாம் வீட்டில் மறந்துவிடுகிறோம். சின்ன ரூமுக்கு இரண்டு டன் போட்டால் சீக்கிரம் கூலாகும் என்று நினைக்கிறோம். கூலாகும்தான். ஆனால் ஈரத்தை வடிக்கும் அளவுக்கு ஓடாமலே கட் ஆகிவிடும். ரூம் சில்லென்று இருந்தாலும் பிசுபிசுப்பு போகாது. கொஞ்ச நேரத்தில் திரும்ப ஸ்டார்ட் ஆகும். சாதாரண கம்ப்ரசர் ஒவ்வொரு முறை ஸ்டார்ட் ஆகும்போதும் ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். இப்படி அடிக்கடி நின்று நின்று ஓடுவது தேய்மானம். ரொம்பச் சின்ன ஏ.சி. போட்டாலும் ஆபத்து, அது ஓய்வே இல்லாமல் ஓடும். வெயில் படும் சுவர், மொட்டை மாடி, ஜன்னல், எத்தனை பேர் இருப்பார்கள் என்று எல்லாம் பார்த்துத்தான் டன் முடிவு செய்ய வேண்டும்.

ஏழு பேர், 32,600 டாலர்

1914இல் முதல் உலகப்போர் தொடங்கியது. பஃபலோ ஃபோர்ஜ், இனி பொருள் தயாரிப்பு மட்டும் போதும் என்று முடிவு செய்தது. கேரியரும் அவரது நண்பர் இர்வின் லைலும் இன்னும் ஐந்து இன்ஜினீயர்களும் வெளியே வந்தார்கள். 1915இல் 32,600 டாலர் முதலீட்டில் கேரியர் இன்ஜினீயரிங் கார்ப்பரேஷன் பிறந்தது.

கேரியரின் ஞாபக மறதி பற்றி நிறையக் கதைகள் உண்டு. பெரிய சூட்கேஸோடு வெளியூர் போய்த் திறந்து பார்த்தால் உள்ளே ஒரே ஒரு கைக்குட்டை இருந்ததாம். ஆனால் வேலையில் அப்படி இல்லை.

அன்றைய குளிரூட்டும் மெஷின்கள் பெரும்பாலும் அமோனியாவில் ஓடின. அது விஷம். லீக் ஆனால் உயிருக்கே ஆபத்து. மக்கள் கூடும் இடத்தில் எப்படி வைப்பது? கேரியர் 1922இல் சுழல் விசையில் இயங்கும் புது வகைக் குளிரூட்டும் மெஷினை அறிமுகப்படுத்தினார். அளவு சின்னது, பாகங்கள் குறைவு. அமோனியாவுக்குப் பதில் டைலீன் என்ற திரவம். 1924இல் டெட்ராய்ட்டின் ஹட்சன் டிபார்ட்மென்ட் ஸ்டோரில் மூன்று மெஷின்கள் வைக்கப்பட்டன. கோடையிலும் கூட்டம் அள்ளியது.

அடுத்து நியூயார்க், டைம்ஸ் சதுக்கத்தில் ரிவோலி தியேட்டர். நகரப் பாதுகாப்பு விதியில் டைலீனுக்கு அனுமதி இல்லை. கேரியர் அதிகாரியின் எதிரிலேயே ஒரு பாத்திரத்தில் டைலீனை ஊற்றித் தீக்குச்சியைக் கொளுத்திப் போட்டார். வெடிக்கவில்லை, மெல்ல எரிந்தது. அனுமதி கிடைத்தது.

1925 மே மாதக் கடைசி, வெயில் கொளுத்தும் விடுமுறை நாள். விசிறியோடு வந்து உட்கார்ந்தது கூட்டம். பாராமவுண்ட் நிறுவனத் தலைவர் அடால்ஃப் ஸுகோரும் பால்கனியில் இருந்தார். மெஷின் ஸ்டார்ட் ஆகக் கொஞ்சம் தாமதம். உள்ளே புழுக்கம். பிறகு மெல்ல மெல்லக் குளிர் பரவ, ஒவ்வொரு விசிறியாக நின்றது. அடுத்த ஐந்தாண்டில் நூற்றுக்கணக்கான அமெரிக்கத் தியேட்டர்களில் கேரியரின் மெஷின்கள் வந்துவிட்டன.

கேஸ் தீர்ந்துபோகாது

அந்த டைலீனுக்குப் பதில் இன்று உங்கள் ஏ.சி.யில் இருப்பது பெரும்பாலும் ஆர்-32 அல்லது ஆர்-410ஏ. கொஞ்சம் பழையது என்றால் ஆர்-22. ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் வந்த மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் வழியில் ஆர்-22 படிப்படியாக ஒழிக்கப்பட்டு வருகிறது.

இங்கே ஒரு தப்பான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். வருஷா வருஷம் கேஸ் ஃபில் பண்ணணும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அது மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. பெட்ரோல் மாதிரி செலவாகாது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றினால், அடுத்த கோடையில் அதே செலவு. அதைவிட மோசம், உள்ளே சுற்றும் அந்த வாயுதான் கம்ப்ரசர் மோட்டாரின் சூட்டையும் வெளியே கொண்டுபோகிறது. கேஸ் குறைவாக ஓடும் ஒவ்வொரு நாளும் மோட்டார் உள்ளே வெந்துகொண்டிருக்கிறது.

மோட்டார் சுற்றின் மேலிருக்கும் காப்புப் பூச்சு, சுமார் 10 டிகிரி செல்சியஸ் சூடு கூடினால் பாதி ஆயுளை இழக்கும் என்பது இன்ஜினீயர்களின் பொதுக் கணக்கு. பல ஏ.சி.க்கள் ஒரே நாளில் சாவதில்லை, பல கோடையாகச் செத்துக்கொண்டிருக்கின்றன.

இன்னொரு எதிரி ஈரம். கேரியர் பேப்பரிலிருந்து விரட்டிய அதே ஈரம், ஏ.சி. மாட்டும்போது குழாய்க்குள் புகுந்துவிடும். உள்ளே இருக்கும் ஆயிலோடு சேர்ந்து அது அமிலமாகும். அமிலம் மோட்டார் சுற்றை அரிக்கும். இதற்காகத்தான் குழாய் இணைத்ததும் வேக்யூம் பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் முழுசாக உறிஞ்சி எடுக்க வேண்டும். கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளிவிட்டால் போதும் என்று அவசரத்தில் முடிப்பவர்கள் உண்டு. அப்படி மாட்டினாலும் அன்றைக்கு நன்றாகத்தான் கூல் ஆகும். விளைவு தெரிய சில வருஷம் ஆகும். புது ஏ.சி. மாட்டும் நாளில் வேக்யூம் பம்ப் எடுத்து வந்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். ஆயுளைக் கூட்ட இதைவிட மலிவான வழி கிடையாது.

வீட்டுக்கு வந்தது எப்படி?

1914இலேயே மினியாபொலிஸ் நகரில் சார்லஸ் கேட்ஸ் என்பவரின் மாளிகையில் ஏ.சி. வைக்கப்பட்டது. 7 அடி உயரம், 6 அடி அகலம், 20 அடி நீளம். வீட்டுக்குள் இன்னொரு ரூம் மாதிரி. 1928இல் கேரியர் நிறுவனம் சாதாரண வீடுகளுக்காக வெதர்மேக்கர் என்ற சாதனத்தைக் கொண்டுவந்தது. ஆனால் அடுத்த வருஷமே பொருளாதாரப் பெருமந்தம். வாங்க ஆள் இல்லை. 1930இல் வேறு இரண்டு நிறுவனங்களோடு இணைந்துதான் கேரியர் கார்ப்பரேஷன் தாக்குப்பிடித்தது. 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் பனிவீடு வடிவில் அரங்கம் அமைத்து ஏ.சி. என்றால் என்ன என்று மக்களுக்குக் காட்டினார்கள். அதற்குள் இரண்டாம் உலகப்போர் வந்துவிட்டது.

அவரது தனி வாழ்க்கையிலும் இழப்புகள் உண்டு. முதல் மனைவி கிளேர் 1912இல் இறந்தார். இரண்டாவது மனைவி ஜென்னி 1939இல் இறந்தார். பின்னர் எலிசபெத்தைத் திருமணம் செய்தார். 1950 அக்டோபர் 7 அன்று, 73 வயதில் கேரியர் காலமானார். அமெரிக்க நடுத்தர வீடுகளின் ஜன்னல்களில் ஏ.சி. வரிசையாக முளைத்ததை அவர் முழுசாகப் பார்க்கவில்லை.

அவர் சொன்ன நான்கும் உங்கள் ஏ.சி.யும்

காற்றைக் குளிர வைத்தால் மட்டும் ஏ.சி. ஆகாது என்பது கேரியரின் உறுதியான கருத்து. வெப்பக் கட்டுப்பாடு, ஈரக் கட்டுப்பாடு, காற்றோட்டம், சுத்தம் நான்கும் சேர வேண்டும் என்றார். ரூமுக்குச் சொன்னது மெஷினுக்கும் பொருந்தும்.

சுத்தம்: ஃபில்டரில் தூசி அடைத்தால் கூலிங் காயிலுக்குக் காற்று வராது. காயில் ஐஸ் கட்டும். வாயுவாகத் திரும்ப வேண்டியது திரவமாகவே கம்ப்ரசருக்குப் போய், ஆயிலைக் கழுவி, பாகங்களைத் தேய்க்கும். அடைத்த ஃபில்டரை மாற்றினால் மின் செலவு 5 முதல் 15 சதவீதம்வரை குறையலாம் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. சீசனில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள். மெக்கானிக் வேண்டாம், பத்து நிமிஷ வேலை.

காற்றோட்டம்: அவுட்டோர் யூனிட் ரூமின் சூட்டை வெளியே தள்ள வேண்டும். அதைக் கிரில்லுக்குள் அடைத்து, முன்னால் துணி காயப்போட்டு, பின்பக்கம் சுவரோடு ஒட்டிவைத்தால் தன் சூட்டையே தான் திரும்ப இழுக்கும். அழுத்தம் ஏறும், கம்ப்ரசர் திணறும். நிழல் நல்லது, ஆனால் மூடிய நிழல் கூடாது.

வெப்பம்: 18இல் வைத்தால் ரூம் வேகமாகக் குளிராது, மெஷின் அதிக நேரம் ஓடும், அவ்வளவுதான். இந்தியாவில் 2020 ஜனவரி முதல் ஸ்டார் லேபிள் ரூம் ஏ.சி.க்கள் ஆன் செய்ததும் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்ற விதி உள்ளது. 24இல் வைத்து ஃபேனை மெதுவாகச் சுற்றவிட்டால் கம்ப்ரசருக்கும் ஓய்வு, கரன்ட் பில்லுக்கும் ஓய்வு. வோல்டேஜ் ஏறி இறங்கும் பகுதியில் ஸ்டெபிலைசரைத் தவிர்க்காதீர்கள். இன்வெர்ட்டர் ஏ.சி.யில் அடிபடுவது பெரும்பாலும் அதன் எலக்ட்ரானிக் போர்டு.

ஈரம்: சொட்டும் தண்ணீர் தடையில்லாமல் வெளியேற வேண்டும். தேங்கினால் பாசி, நாற்றம், காயில் அரிப்பு. சில பெயின்ட், பிளைவுட் பசை, சுத்தம் செய்யும் திரவங்களிலிருந்து வரும் ஆவியும் ஈரமும் சேர்ந்தால் செம்புக் குழாயில் எறும்புப் புற்று போல நுண்ணிய ஓட்டைகள் விழும். வீட்டில் பெயின்ட் வேலை நடக்கும்போது ஏ.சி.யை மூடிவைத்து, ஜன்னலைத் திறந்துவையுங்கள்.

ரிப்பேரா, புதுசா?

கெப்பாசிட்டர், ஃபேன் மோட்டார், சென்சார் போனால் தயங்காமல் சரிசெய்யலாம். கம்ப்ரசர் போனால் முதலில் வாரன்டியைப் பாருங்கள். பல ஏ.சி.க்களில் கம்ப்ரசருக்கு மட்டும் தனியாக நீண்ட வாரன்டி உண்டு. அதோடு, கம்ப்ரசர் ஏன் போனது என்று கேட்காமல் புது கம்ப்ரசர் மாட்டாதீர்கள். காரணம் அப்படியே இருந்தால் அதுவும் போகும். ஏ.சி. 10 வருஷம் தாண்டியது, காயில் திரும்பத் திரும்ப லீக் ஆகிறது அல்லது ஆர்-22 கேஸ் என்றால், அதில் மேலும் பணம் போடுவது வீண். புதிய ஏ.சி.யின் மின் சிக்கனம் அந்தச் செலவில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்துவிடும்.